மருந்து முதலில், ரெசின் பிறகு

சிங்கப்பூரில் புக்கிட் தீமா சாலைப் பக்கம் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் நான் செய்த ஒரே அயோக்கியத்தனத்தை எழுதுகிறேன். வயிற்றெரிச்சலில் செய்தது.

அறுபதுகளின் நடுவில் எங்கள் போர்மேன் ஓய்வு பெறுவதாக இருந்தது. இரும்புக் குண்டுகள் உருளும் 'பால் மில்' இயந்திரத்தில் வண்ணப் பொடி அரைத்தே பழுத்தவன் நான். அந்த இடம் எனக்குத்தான் என்று இருந்தேன். அப்போது ரசாயனம் படித்துவிட்டு லேப் வேலைக்கு வந்து சேர்ந்தான், காத்தோங் பகுதிக்காரன் ஆரோக்கியம். மூன்றே மாதத்தில் மேனேஜர் எதற்கெடுத்தாலும், "ஆரோக்கியத்தக் கேளுங்க" என்றார். எனக்குக் காதில் புகை வராத குறைதான்.

எங்கள் ரெட் ஆக்சைடு பெயிண்டில் பொடி டின் அடியில் படிந்து கல்லாக இறுகும். அதற்கு அவன் ஒரு மருந்து வரவழைத்தான்.

"இந்த மருந்து ஒரு சங்கிலி மாதிரிண்ணே, அதுல ரெண்டு துண்டு இருக்கு. ஒரு துண்டு பொடியக் கெட்டியாப் பிடிச்சுக்கும். இன்னொண்ணு எண்ணெய்ல நீட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாதுலா. ஆனா மருந்து முதல்ல போகணும். ரெசின் பிசின் முந்திக்கிட்டுப் பொடியில ஒட்டிக்கிட்டா மருந்துக்கு இடம் கிடைக்காது."

அரைக்கும் முறை எழுதும் கார்டிலும் அதையே எழுதிக் கொடுத்தான். அடேயப்பா, எனக்கே பாடமா! வேண்டுமென்றே ரெசினை முதலில் ஊற்றி அரைத்து, மருந்தைக் கடைசியில் விட்டேன்.

சில வாரங்களில் சிராங்கூன் ரோடு கடைக்காரர் டின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜர் ஒரு டின்னைக் குச்சியால் குத்தினார். குச்சி உடைந்தது.

"யார் பண்ண வேலை இது? இன்னிக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போயே ஆகணும்!" என்று கத்தினார்.

கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"எதை முதல்ல போடணும்னு நான் கார்டுல எழுதல சார். என் தப்பு" என்றான் ஆரோக்கியம்.

அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேட்டருகே ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"நீதான் எழுதிக் குடுத்தியே! ஏன்டா பொய் சொன்னே?"

"உங்களுக்கு மூணு பிள்ளைங்கண்ணே. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, வேற வேலை கிடைக்கும்லா. அடுத்த தடவ சரியாப் போடுங்க."

சரியாகத்தான் போட்டேன். பெயிண்ட் இறுகவில்லை. மேனேஜர் என்னைப் பாராட்டிப் போர்மேன் ஆக்கினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இளையவர்களே, கூட வேலை செய்கிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் பொறாமை வரத்தான் செய்யும். வரட்டும், அவன் வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆரோக்கியத்தின் படிப்பைப் பார்த்து வந்த பொறாமை அன்றே போய்விட்டது. அவன் மனசைப் பார்த்து வந்த பொறாமை இந்த வயதிலும் போகவில்லை.