நான்கு மூலைக்கும் மஞ்சள்

பழைய வங்கி நோட்டுக்கு விலை சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் ஒரு காலத்தில் வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அடித்தன. எப்போதோ மூடிப்போன அப்படியொரு வங்கியின் பத்து டொலர் நோட்டை, பக்கத்து ஊரான லவாலில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் வாங்கினேன். மடிப்பில்லை, கறையில்லை, நான்கு மூலைகளும் கூர்மை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உடனேயே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டேன்.

மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலை. நாள் முழுக்கக் குளிர் அறைக்குள் நிற்க வேண்டும். "இது விலைப்பட்டா நீர் வேலையை விடலாம்," என்று வாயை விட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

போன சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்திலுள்ள நோட்டு வியாபாரியிடம் புறப்பட்டேன். மெட்ரோவில் பையைத் திறந்தபோது லேசாக மஞ்சள் மணத்தது. சமையலறையில் நின்றதால் சட்டையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்துப் பார்க்க மனம் துணியவில்லை. பயமாக இருந்தது.

இந்தத் தொழிலில் எவரும் முதலில் மூலைகளைத்தான் பார்ப்பார்கள். வியாபாரி பூதக்கண்ணாடியை ஒவ்வொரு மூலையாக வைத்துப் பார்த்தார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினார். நான்கு மூலைகளிலும் மஞ்சள். கலியாணக் கடதாசிக்குப் பூசுவதுபோல அளவாக, அழகாகப் பூசியிருந்தது. தாளுக்குள் ஊறிவிட்டது, கழுவினால் இருக்கிற மதிப்பும் போய்விடும் என்றார். அவர் சொன்ன விலை ஒரு மாத வீட்டு வாடகைக்கும் காணாது. மூலையின் அருமையைப் பற்றி ஊரெல்லாம் வகுப்பெடுத்தவன், வீட்டில் இருப்பவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை நானே அறைய வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். பூட்டில் திறப்பைப் போடுமுன்பே அவள் கதவைத் திறந்துவிட்டாள். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல வருடமாகிறது.

"இஞ்சேருங்கோ, போன காரியம் சரியோ? நேற்று வெள்ளிக்கிழமையெல்லே, உறையிலயிருந்து எடுத்துச் சாமிக்கு முன்னால வைச்சு, நாலு மூலைக்கும் மஞ்சள் பூசினனான். பிழைக்காது."

நான் சப்பாத்துக் கழற்றுகிற சாட்டில் குனிந்துகொண்டேன். அவளை எப்படி நிமிர்ந்து பார்ப்பது?

"நானும் வேலையை விடுறனெண்டு நேற்றே கடிதம் குடுத்திட்டன்," என்றாள். "என்ர இடத்துக்கு உடனேயே வேற ஆளையும் எடுத்திட்டினம்."