பின்னட்டை

மகளுக்கு நாலரை வயதானபோது நான் ஒரு சபதம் எடுத்தேன். அவள் முதலாம் வகுப்புக்குப் போகும்வரை சாவு என்ற விஷயம் புத்தகம் வழியாக எங்கள் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வேறு வழிகளால் அது கொழும்பில் நாங்கள் இருந்த வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்ததை நான் அறியாதவனல்ல. காலி வீதி என்ற பெருந்தெருவைத் தடுக்க என்னால் முடியாது. புத்தக அலுமாரியைத் தடுக்கலாம் என்று நினைத்தேன். அளவுக்கு மீறி வாசித்தவர்களுக்கு வருகிற நோய் இது.

ஆகவே சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் ஒரு புத்தகக் கடைக்குப் போவேன். சிறுவர் புத்தகங்களை நின்றபடியே கடைசிப் பக்கம்வரை வாசிப்பேன். முதலை வந்த புத்தகம் உடனே நிராகரிக்கப்பட்டது. இன்னொன்றில் வேடன் வெறும் வலையோடு திரும்பிப் போகிறான். ஆனாலும் வந்த நோக்கம் கெட்டது என்பதால் அதுவும் போயிற்று. நரி வந்துபோன பிறகு கூட்டில் ஒரு கோழி குறைகிறது என்று படத்தை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

கடைக்காரர் கழுத்தில் செபமாலையும் காதில் பென்சிலும் உள்ள மனிதர். பொறுத்துப் பார்த்தார்.

“ஆமிக்காரன்கூட இவ்வளவு செக் பண்ணுறதில்ல சேர்,” என்றார். “மிச்சக் கோழிகள்ட ஐடி காட்டையும் வாங்கிப் பாத்திருங்க.”

கடைசியில் மூன்று புத்தகங்கள் தேறின. ஒன்றில் வாத்துக்குஞ்சு குளிக்கிறது. இன்னொன்றில் யானை குடை தேடுகிறது. மூன்றாவதில் ஒரு மேகம் போகிறது. மூன்றிலும் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் அவற்றின் இலக்கியத் தரம்.

வாங்கினால் போதாது, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகள். பையில் தமிழ் எழுத்துக் கிடந்தால் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கேள்வி கேட்பார்கள். அதற்காக எங்களில் பலர் புத்தகங்களுக்குச் சிங்களப் பத்திரிகையால் உறை போட்டோம். மேல்மாடிக் கணக்காளர் பஞ்சாங்கத்துக்கே போட்டிருந்தார். நானும் கடையிலேயே பழைய பத்திரிகைத் தாள் வாங்கி, பெரிய எழுத்துத் தலைப்பு முன்னட்டையில் வரும்படி மடித்து ஒட்டினேன். சிங்களப் பேச்சு எனக்கு விளங்கும், வாசிப்பு பஸ் பலகை அளவுதான். தலைப்பு என்ன சொன்னதென்று தெரியாது. பாமன்கடைச் சாவடியில் சிப்பாய் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாசிப்பு நடந்தது. நான் கதிரையில் இருந்து புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து வாசிப்பேன். மகள் எதிரே நிலத்தில் இருப்பாள். பக்கம் முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பிப் படம் காட்டுவேன். என் ஆசிரியர்கள் எனக்கு அப்படித்தான் வாசித்தார்கள். வாத்துக் குளித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து போய்விடுவாள். ஆனால் அதுவரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நல்ல புத்தகத்தின் சக்தி என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள், வீட்டில் யாரையும் திருத்தாமல் ஓய்வெடுத்தாள்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் எங்கள் அலுவலகத்தின் கண்ணாடிகள் முதலில் உள்ளே வந்தன. சத்தம் பிறகு வந்ததுபோல்தான் நினைவு. வீட்டை நோக்கி ஓடினேன். பஸ் தரிப்பில் ஒருவர் சுவரில் சாய்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல இருந்தார். முழங்காலுக்குக் கீழே அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவரைத் தாண்டும்போது ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் ஜன்னல் உடைந்திருந்தது. மனைவி கண்ணாடி கூட்டிக்கொண்டிருந்தாள். மகள் மேசைக்குக் கீழே, வாத்துப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, பச்சைக் கிறெயோனால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். பின்னட்டையில் பத்திரிகைப் படம். முன்பு எங்கோ வெடித்த குண்டு. தெருவில் வரிசையாகக் கிடத்தப்பட்ட ஆட்கள். நான் முன்னட்டைத் தலைப்பை மட்டும் பார்த்து மடித்தவன். அவளோ இத்தனை நாளும் எதிரே இருந்து அதைத்தான் பார்த்திருக்கிறாள். மற்ற இரண்டு புத்தகங்களிலும் அதே செய்தியின் மிச்சம். ஒவ்வொருவரின் செருப்பில்லாத காலுக்கும் அவள் ஒரு பச்சைச் செருப்பு வரைந்திருந்தாள்.

எல்லாரும் நித்திரை கொள்ளுகினம் என்று சொன்னேன். சபதம் எடுத்தவன் வேறென்ன சொல்வான்?

“இல்லை அப்பா,” என்றாள், தலை நிமிராமல். “நித்திரையெண்டா ரெண்டு செருப்பையும் கழட்டி வச்சிட்டெல்லோ படுப்பினம். இவைக்கு ஒண்டுதான் இருக்கு.”

உறைகளை இப்போதே கிழித்தெறியும்படி மனைவி சொன்னாள். காலையில் செய்கிறேன் என்றேன். தோல்வியை ஒப்புக்கொள்ள எனக்கு ஓரிரவாவது தேவைப்பட்டது.

குண்டு வெடித்தால் மறுநாள் விடிய வீடு வீடாகத் தேடுவார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்கு மறந்துபோனது. வந்த பொலிஸ் அதிகாரி மூன்று புத்தகங்களையும் மேசையில் கவிழ்த்து வைத்தார். செத்துப்போன சிங்கள ஆட்களின் படங்கள், தமிழன் வீட்டில், பச்சை அலங்காரத்தோடு. இதையா பிள்ளைக்குக் காட்டுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் நான் கொழும்பு முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். என் கொள்கையோடு முழுமையாக உடன்பட்ட ஒரே மனிதர் அவர். உடன்பட்டபடியே காதோடு சேர்த்து அறைந்தார். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொலிஸ் நிலையத்தில் மூன்று நாள். ஒரு பிளாஸ்டிக் குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். யார் படம் சேர்க்கச் சொன்னது என்று கேட்டார்கள். உறை போட்ட கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அது இன்னும் முட்டாள்தனமாகக் கேட்டது. இரண்டாம் நாள் அடித்தவனுக்கே அலுத்துவிட்டது. அவன் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்பவும் அடித்தான்.

மூன்றாம் நாள் மனைவி எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த சிங்களவரையும் கூட்டிக்கொண்டு வந்து, பொறுப்பதிகாரியின் முன்னால் கதிரை போட்டு இருந்து, நான் வாசிக்கும் விதத்தை நடித்துக் காட்டினாளாம். அவர் சிரித்தாராம். அதனால் விட்டார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கால்கள் அதற்குள் நுழையவில்லை.

மகள் என் பாதங்களைப் பார்த்தாள். படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அடிச்சவையோ?”

“ஓம்.”

“பிறகு?”

“பிறகும் அடிச்சவை.”

“பிறகு?”

“பிறகு விட்டவை. வீட்டை வந்தனான்.”

அன்று இந்தக் கதையை நாலு முறை சொல்ல வைத்தாள். ஒரு முறையும் நடுவில் எழுந்து போகவில்லை. கடைசி வரி வரும்போது மட்டும் என் இடுப்பில் கட்டிய சாரத்தைப் பிடித்துக்கொள்வாள்.

கால் வீக்கம் வற்றியதும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அடிதடி உள்ள புத்தகம் ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

“யாரு யார அடிக்கணும் சேர்?”

“ஆர் அடிச்சாலும் பரவாயில்லை. முதலை நரி எதுவெண்டாலும் வரட்டும். கடைசியில ஆள் வீட்டுக்கு வரவேணும்.”

அவர் என் காதைப் பார்த்தார். ஏணியைச் சாத்தி ஏறி, ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். வெகுநேரம் தேடினார்.