நன்றியுரையில் ஒரு லொறி

எங்கள் வீட்டுத் தையல் மெஷின்மேல் ஒரு பொன்னாடை கிடக்கிறது. சிவப்புத் துணி, பொன் நிறக் கரை. கரையில் பாதி உதிர்ந்துவிட்டது. மெஷினில் தூசி படக்கூடாதென்று என் மனைவி போர்த்தி வைத்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், "சேருக்கு இது எதுக்குங்க போத்துனாங்க?" என்று கேட்டால், "அவங்க கிளப் கப் அடிச்ச வருஷம்" என்று அவளே பெருமையாகச் சொல்லிவிடுவாள். அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் குசினிப் பக்கம் போய்விடுவேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆசிரியராக இருந்தேன். தோட்டத்து கிரிக்கெட் கிளப்பின் உதவிச் செயலாளரும் நான்தான். கையெழுத்து நன்றாக இருந்ததைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்கில்லை. எங்கள் கிளப் அதுவரை எந்தத் தொடரிலும் இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை. அந்த ஒரு வருஷம் வரிசையாக ஜெயித்து, ஹட்டனில் நடந்த இறுதிப் போட்டியையும் ஜெயித்தது. மறுநாள் விடிவதற்குள் வெற்றிக்குப் பின்னால் நின்றவர்கள் என்று ஒரு கூட்டம் முளைத்துவிட்டது. அடேயப்பா, மழைக்குக் காளான்கூட அவ்வளவு வேகமாக முளைக்காது.

தலைவருக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம் என்று நாற்காலி போட்ட இடத்திலெல்லாம் அவரே தலைவர். பொடியன்களுக்கு அவர் ஜேர்சி வாங்கிக் கொடுத்தது உண்மை. முதுகில் எண் வரவேண்டிய இடத்தில் கடையின் பெயரைப் பெரிதாக அடித்து, எண்ணை இடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டார். சட்டையைக் கால்சட்டைக்குள் சொருகினால் எண் காணாமல் போய்விடும். அம்பயர்கள் திட்டித் தீர்த்தார்கள். மொத்தத் தொடரிலும் இரண்டு ஆட்டத்துக்குத்தான் மனுஷர் வந்தார். இரண்டாவது முறை அரை மணி நேரம் கைதட்டிவிட்டு, "இதுல நம்ம பொடியனுங்க எது?" என்று என் காதில் கேட்டார்.

செயலாளர் எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு. மலையில் ஆளை விரட்டி வேலை வாங்கும் உத்தியோகத்தர். கையில் குடையோடு எல்லைக்கோட்டில் நாற்காலி போட்டு உட்காருவார். விக்கெட் விழுந்தாலும், சிக்ஸர் போனாலும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். எப்போது, யாரிடம் சொன்னார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருஷத்தை ஜெயித்துக் கொடுத்தது, பறித்த கொழுந்தை ஏற்றும் தோட்டத்து லொறியின் டிரைவர். முந்திய வருஷங்களில் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேராகச் சுருங்கிவிடுவார்கள். எதிர் அணி நேரத்தைக் காட்டி வெற்றியை எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த வருஷம்தான் டிரைவர் ஞாயிற்றுக்கிழமைகளில் லொறியை எடுத்தார். விடிந்ததும் தொழிலாளர் வரிசை வீடுகள் பக்கம் லயம் லயமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். எழும்பாதவன் வீட்டுக்குள் போய்க் கம்பளியை உருவிக்கொண்டு வந்து லொறியில் போட்டுவிடுவார். பின்னாலேயே அவன் ஓடி வரத்தான் வேண்டும். பிறகு அந்தக் கயிற்றுப் பாய். எங்கள் மைதானத்தில் பிட்ச் என்றால் மண்மேல் ஆணியடித்து விரிக்கும் பாய்தான். எங்கள் மழைக்கு அது காய்ந்த நாளே கிடையாது. அவர் அதை தொழிற்சாலைப் பொறுப்பாளர் டீமேக்கரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அங்கே கொழுந்து வாட்டும் மாடியின் ஓரத்தில் வாரா வாரம் காயவைத்து எடுத்து வருவார். "பாய் ஈரமா இருந்தா பந்து எங்க போகும்னு அதுக்கே தெரியாது சேர்" என்பார். மண்டியிட்டு ஒவ்வோர் ஆணியாக அவரே அடிப்பார்.

முதல் ஞாயிறே அவர் செயலாளரிடம், "தொரகிட்டக் கேட்டாச்சுங்களாய்யா?" என்று கேட்டார். துரை என்றால் தோட்டத்து மேனேஜர், லொறி அவர் பொறுப்பு. நான் பக்கத்தில் நின்றேன். "அதெல்லாம் நான் பாத்துக்குறேன், நீ வண்டிய எடு" என்றார் செயலாளர். அடுத்த வாரமும் கேட்டார், அதே பதில். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டிரைவர் வேலையோடு ஒட்டிக்கொண்டது, லயத்துக்கு வெளியே தனியாக ஒரு வீடு. இரண்டு அறை, வாசலில் குழாய், அதில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் இது தெரியாதவர் யாருமில்லை.

பாராட்டு விழாவுக்குப் பெரிய துரைதான் பிரதம விருந்தினர். நன்றியுரை எழுதும் பொறுப்பு எனக்கு. "எல்லா மேட்சுக்கும் தோட்டத்து லொறியை மனமுவந்து தந்துதவிய துரை அவர்களுக்கு" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் தலைவர்.

"துரைக்கே தெரியாதேங்க" என்றேன்.

"அதனாலதான் சேர் எழுதச் சொல்றேன். மேடையில மாலையப் போட்டு நன்றி சொன்னா எந்த மனுஷன் இல்லேம்பாரு? அடுத்த வருஷம் தானா வண்டி வந்துரும்."

எங்கள் பக்கத்து மேடைகளில் இது பழகிப்போன வித்தை. தராத மின்குமிழுக்கும் போடாத பாதைக்கும் முதலிலேயே நன்றி சொல்லிவிடுவோம். வாங்கிக்கொண்டவர் வெட்கப்பட்டு எதையாவது செய்வார். கேட்பதற்கு முதுகெலும்பு இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழி. "உங்களுக்கும் ஒரு பொன்னாடை சொல்லியிருக்கேன்" என்றார் தலைவர் போகிற போக்கில். நான் எழுதினேன். துரைக்கு விளங்கவேண்டுமென்று அந்த வரியை மட்டும் சிங்களத்திலும் சொல்லச் சொன்னார்கள். பிழையில்லாத சிங்களத்தில் சொன்னேன்.

துரை சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி, பக்கத்து நாற்காலியில் இருந்த செயலாளரிடம் ஏதோ கேட்டார். குடை மனிதர் உதட்டைப் பிதுக்கி, தனக்கு ஒன்றும் தெரியாதென்று இரண்டு கையையும் விரித்தார். மண்டபத்தின் கடைசியில் டிரைவர் நின்றுகொண்டே கைதட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மாலையும் இல்லை, நாற்காலியும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு கலைவதற்குள் அவருக்கு வேலை இல்லையென்றாகிவிட்டது. அனுமதியில்லாமல் வண்டி எடுத்த குற்றம். "இப்பப் போய் நின்னா என் வேலையும் சேந்து போயிரும்" என்றார் செயலாளர். "நான் பேசுறேன், விடுங்க" என்றார் தலைவர், யாரிடமும் பேசவில்லை. சீ, இவர்களும் மனிதர்களா என்று பல வருஷம் வைதிருக்கிறேன். ஆனால் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எனக்கு இழப்பதற்கு என்ன இருந்தது? அந்த வரியை எழுதியவன் நான், அதைத் துரையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். துரையின் பங்களா எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். நான் போகவில்லை.

வீட்டைக் காலிசெய்வதற்கு முதல்நாள் டிரைவர் அந்தப் பாயைக் காய்ந்த நிலையில் கொண்டுவந்து, கிளப் அறையின் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டுப் போனார். அடுத்த மழையில் கூரை ஒழுகியது. எடுத்துக் காயவைக்க ஆளில்லாமல் அது அங்கேயே இற்றுப்போயிற்று. அடுத்த வருஷம் முதல் சுற்றிலேயே எங்கள் அணி ஆறு பேரோடு போய் நின்றது.

போன மாதம் ஒரு வேலையாக வலப்பனைக்குப் போனேன். சந்தையடியில் ஓர் ஆட்டோ என் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறுங்க சேர்!" டிரைவர்தான். தலை நரைத்திருந்தது. மனைவியின் ஊர்ப் பக்கமே தங்கிவிட்டாராம். மூத்தவள் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாளாம். "பாய் நல்லா இருக்குதுங்களா சேர்?" என்று கேட்டார். "இருக்குண்ணே" என்றேன்.

இறங்கும்போது காசை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்து மடக்கிவிட்டார்.

"உங்ககிட்டப் போய் வாங்குவேனா? எனக்காகத் தொரகிட்டப் போய்ச் சண்ட போட்டது நீங்க ஒருத்தர்தான்னு தலைவர் அன்னிக்கே சொன்னாருங்க. வீட்டுலயும் இன்னிக்கு வரைக்கும் உங்களச் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பா."

தன்னிடம் உதவி கேட்டு வந்து நின்ற மனுஷனை வாசலோடு அனுப்பிவிடத் தலைவர் அவிழ்த்துவிட்ட பொய். அதை இல்லையென்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆட்டோ திரும்பி, சந்தைக் கூட்டத்துக்குள் மெதுவாக நகர்ந்து போகும்வரை அந்த நிமிஷம் இருந்தது. நான் சிரித்தபடி கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாலை போட்டு நன்றி சொன்னா எந்த மனுஷன் இல்லேம்பாரு என்று தலைவர் கேட்டாரே, துரை திங்கட்கிழமையே இல்லையென்றார். என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின்மேல் கிடந்த பொன்னாடையை உருவி எடுத்தேன். "ஏங்க, என்னாச்சு?" என்றாள் மனைவி.

"தூசியாயிருச்சு" என்று உதறி, திரும்பவும் அங்கேயே போர்த்தினேன்.