ஆயிரம் நாமமும் முப்பத்தைந்து நிமிடமும்

நாற்பது வயதுக்கு ஆறு மாதம் பாக்கி இருக்கும்போது நான் வழக்கறிஞராவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் கனடாவில் இருந்த என் மனைவியின் அண்ணன்.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. ஃபிஜியின் தலைநகர் சுவாவில் சிலர் துப்பாக்கிகளோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்திருந்தார்கள். நாங்கள் இருந்த தவுவாவில் துப்பாக்கி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் பள்ளிகளை மூடிவிட்டார்கள், இருட்டினால் ஊரடங்கு, ரேடியோவைத் திருப்பினால் யாராவது ஒருவர் புது அரசாங்கம் அமைத்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழில் ஒரே வருடத்தில் இரண்டு முறை இதைப் பார்த்திருந்த ஊர்க்காரர்கள் முதல் நாளே பாஸ்போர்ட் படம் எடுக்கப் போய்விட்டார்கள். நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து சில வருடங்களே ஆனவர்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், மனைவி ஊர் மருத்துவமனையில் டாக்டர். அனுபவம் போதாததால் மூன்றாம் நாள்தான் பயந்தோம்.

மச்சான் நீண்ட கடிதம் எழுதினார். டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்கத் தங்கைக்குப் பல வருடம் பிடிக்கும். கணக்கு வாத்தியார்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆனால் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் மூன்றே வருடம். மாப்பிள்ளைக்குப் பேசுவதைத் தவிர வேறு எதுவும் சரியாக வராது என்பதால் இது பொருத்தமான தொழிலும்கூட. கடிதத்தோடு ஒரு தடித்த புத்தகமும் வந்தது. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள்கள், பத்து.

அந்தத் தேர்வில் சட்டம் ஒரு வரிகூடக் கிடையாது. ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். முதலாமவர் மூன்றாமவர் பக்கத்தில் உட்காரமாட்டார். ஐந்தாமவர் வந்தால் ஆறாமவர் எழுந்து போய்விடுவார். அப்படியானால் இரண்டாமவர் எங்கே? கோயில் கமிட்டிக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டுப் பழகியவனுக்கு இது பெரிய விஷயமில்லை. கஷ்டமெல்லாம் நேரத்தில் இருந்தது. ஒரு தாளில் நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் சுமார் இருபத்தைந்து கேள்வி, பகுதிக்கு முப்பத்தைந்து நிமிடம். முதல் தாளைச் சாப்பாட்டு மேசையில், எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். பத்து நிமிடத்தில் கடிகாரத்தை முப்பது தடவை பார்த்தேன், கேள்வியை இரண்டு தடவை. பதினாறாவது கேள்வியில் நேரம் முடிந்தது.

இந்த இடத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இருக்கச் சம்மதமா என்று சுகாதார அமைச்சகம் கேட்டிருந்தது. பதில் செப்டம்பர் கடைசிக்குள் போக வேண்டும். என் தேர்வோ டிசம்பரில். நான் தேறுவேனா என்று தெரிவதற்கு முன்பே அவள் வேலையை விடுகிறாளா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். கையில் இருக்கிற ஒரே சம்பாத்தியத்தை என் பென்சிலை நம்பி விடுவதா என்பதுதான் கேள்வி.

நோயாளிக்கு மாத்திரை எழுதுகிற குரலில் அவள் நிபந்தனை சொன்னாள். “மூணு டெஸ்ட், அடுத்தடுத்து. எல்லாக் கேள்வியும் நேரத்துக்குள்ள முடிக்கணும், மார்க் நூத்தி எண்பதுக்கு நூத்தி அறுபதத் தாண்டணும். தாண்டினீங்கன்னா நான் கையெழுத்துப் போடல, கிளம்பிடலாம். தாண்டலேன்னா போட்டுடுவேன். அப்புறம் எங்கிட்ட யாரும் கனடான்னு பேசக்கூடாது.”

நேரத்தை வேறு யாராவது பார்க்கட்டும், நீ கடிகாரத்தைப் பார்க்காதே என்றது புத்தகம். மனைவி மருத்துவமனையில். வீட்டிலோ, யார் யாருக்கு எந்த நாடு கிடைத்தது என்று சொல்ல அக்கம்பக்கத்தார் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன்.

குருக்கள் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், என் வயது. ஊரில் கரும்பு விவசாயிகளெல்லாம் பெயருக்குத் தமிழர்கள், பேச்சு ஃபிஜி ஹிந்தி. முழு வாக்கியமாகத் தமிழ் பேச அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை, எனக்கும் மனைவியை விட்டால் அவர்தான். தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு பூவாகப் போட்டு அம்மனின் ஆயிரம் நாமத்தைச் சொல்லுவார். நூறு நாமம் முடிந்தால் ஒரு மணி அடிப்பார். ஒருநாள் கணக்குப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்து பத்தாவது மணி வரை சரியாக முப்பத்தைந்து நிமிடம். இருபது வருடமாக அரை நிமிடம் முன்பின் ஆனதில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

இதைவிட நல்ல கடிகாரத்தை எந்த நாட்டில் செய்வார்கள்? மணிக்கு மணி மூன்றரை நிமிடம், அதற்குள் இரண்டரைக் கேள்வி. நான்காவது மணிக்குப் பத்துக் கேள்வி முடிந்திருக்க வேண்டும். நான்கு நீளப் பத்திகளைப் படித்துப் பதில் சொல்கிற பகுதியில் பத்திக்கு இரண்டரை மணியோசை. திருவிழாவில் சோறு போடுகிற தகரக் கூரைப் பந்தலில், நீள பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு பகுதி, நான்கு நாளைக்கு ஒரு தாள், பிறகு நான்கு நாள் தவறுகளைப் பார்த்து வருத்தப்படுவது. பத்துத் தாளுக்கு மேல் இந்தத் தீவில் கிடையாது என்பதால் ஒன்றையும் அவசரப்பட்டுத் தின்றுவிடக்கூடாது. நிஜத் தேர்வில் நான்கு பகுதியையும் ஒரே காலையில் எழுத வேண்டுமே என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆயிரம் நாமத்தை ஒரே காலையில் நான்கு தடவை சொல்லச் சொன்னால் அம்மனே எழுந்து போய்விடுவாள்.

குருக்களுக்கும் இதில் ருசி தட்டிவிட்டது. அந்த நாட்களில் அவருக்கு வேலை அதிகம். தேங்காய் பழத்தோடு தட்டில் பாஸ்போர்ட்டும் வந்துகொண்டிருந்தது. நட்சத்திரம் என்ன என்று கேட்டால் விசா மனுவின் எண்ணைச் சொல்லுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். அதையும் சேர்த்துச் சொல்லித்தான் அர்ச்சனை செய்தாராம், அம்மன் கோப்பைத் தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று. நேரத்துக்குள் முடிக்கிற வித்தையை எனக்குப் புரியவைத்ததும் அவர்தான்.

“ஆடி வெள்ளிக்கு நாப்பது தட்டு வரும் சார். ஆக்லாந்து, சிட்னின்னு பதினேழு பேர் லிஸ்ட் வச்சிருக்கறவா தட்டை ஓரமா வச்சுடுவேன். ஒத்தப் பேரு, ஒத்த நட்சத்திரம், அதை மொதல்ல முடிச்சுடணும். கடைசில நேரமில்லையா, ஓரத்துத் தட்டு அத்தனைக்கும் சேத்து ஒரே கற்பூரம்.”

நீளக் கேள்வியைத் தள்ளி வை, சின்னதை முதலில் முடி, மிச்சத்துக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே விடையை நிரப்பு. புத்தகம் இதற்குப் பன்னிரண்டு பக்கம் எடுத்துக்கொண்டிருந்தது.

பலன் தெரிந்தது. பதினாறு பதினெட்டாயிற்று, பதினெட்டு இருபதாயிற்று. நாலாவது தாளில் இருபத்திரண்டு. ஐந்தாவதில் எல்லாக் கேள்வியையும் முடித்துவிட்டு நிமிர்ந்தால் குருக்கள் இன்னும் பூப் போட்டுக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் எட்டாவது மணி கேட்டால் மிச்சக் கேள்விகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். இப்போது அதே மணிக்குப் பிறகு உள்ளே ஓர் அமைதி இறங்கியது. காலம் என்பதே மனத்தின் தோற்றம்தான் என்று படித்ததெல்லாம் இதுதான் போலிருக்கிறது, நாம் பக்குவப்பட்டுவிட்டோம் என்று நம்பினேன். ஐந்தாவது தாள் நூற்றி அறுபத்தொன்று, ஆறாவது அறுபத்துமூன்று, ஏழாவது அறுபத்தாறு. பள்ளி திறந்து சனி ஞாயிறுகளில் மட்டும் எழுதிய காலத்திலும் வேகம் குறையவில்லை. வீட்டில் என் பேச்சு மாறியது. ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்வதற்குப் பதில், உப்பு போட்டதற்கான ஆதாரம் போதவில்லை என்றேன். மனைவி பொறுத்துக்கொண்டாள். நிபந்தனை நிறைவேறிவிட்டதே.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் கோயிலுக்கு வந்தாள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, அதன் மேல் ஒரு கடிதம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விருப்பமில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அம்மன் பார்வையில் வைத்துவிட்டுத் தபாலில் சேர்ப்பதாக ஏற்பாடு. கணவனின் திறமையை நேரில் பார்க்கட்டும் என்று எட்டாவது தாளின் முதல் பகுதியை அன்றைக்கென்று வைத்திருந்தேன். குருக்கள் தொடங்கினார், நானும் தொடங்கினேன். பத்தாவது மணிக்கு முன்பே முடித்து, மீதி நேரத்தில் தேவையில்லாமல் பென்சிலைச் சீவினேன்.

மணி அடித்தது. மனைவி எழுந்து வந்தாள்.

“நாப்பத்திநாலு நிமிஷம்,” என்றாள்.

உன் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்றேன்.

“இந்த வாட்ச வச்சுத்தான் ஊர் பூரா நாடி பாக்கறேன்.”

இருவரும் குருக்களிடம் போனோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தட்டில் இருந்த தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் நாமத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனைவி கேட்டாள். அது மனசைப் பொறுத்தது என்றார்.

“முப்பத்தஞ்சு நிமிஷம்னு சொன்னீங்களாமே சாமி.”

“ஜூன்ல முப்பத்தஞ்சு, டாக்டரம்மா.”

பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. எட்டாவது மணி அடித்தால் சார் முகம் இப்படி ஆகிவிடும் என்று செய்து காட்டினார். அது என் முகமாக இருக்க முடியாது என்று நினைத்தேன், ஆனால் மனைவி தலையாட்டினாள். “பென்சிலக் கடிப்பார். பாக்கப் பொறுக்கல. அதான் நாலாவது டெஸ்ட்லேர்ந்து எட்டாவது நூறு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அழுத்தந்திருத்தமா சொன்னேன். அம்பாளுக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்லையே.”

“பரீட்சை ஹால்ல யாரு சாமி நிறுத்திச் சொல்லுவாங்க?”

குருக்கள் தேங்காயைத் தட்டில் திருப்பி வைத்தார். என் பக்குவம், உள்ளே இறங்கிய அமைதி, காலத்தைப் பற்றிய என் தத்துவம் எல்லாம் இன்னொருவர் தொண்டையில் இருந்திருக்கிறது. இருந்தாலும் வாதாடிப் பார்த்தேன். ஒன்பது நிமிடத்தை இருபத்தைந்தால் வகுத்தால் கேள்விக்கு இருபத்திரண்டு விநாடிகூட வராது என்றேன். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அடுத்த பகுதியை இப்போதே எழுதச் சொன்னாள்.

எழுதினேன். மணி இல்லை, மந்திரம் இல்லை. குருக்கள் சன்னதியில் மூச்சுகூட விடாமல் நின்றார். எதிரே மனைவி, ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவள் போல. போதும் என்று அவள் சொன்னபோது பத்தொன்பதாவது கேள்வியை முடித்திருந்தேன். விடைகளைச் சரிபார்த்தோம். பத்தொன்பதில் பதினேழு சரி. அந்தப் பதினேழை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிச்சம் ஆறுக்கு ஒரே கற்பூரம் ஏத்திருக்கலாமே,” என்றாள்.

அது நினைவுக்கே வரவில்லை.

தட்டிலிருந்த கடிதத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் போட்டாள். அதே பையிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அமைச்சகக் கடிதம் வெளியே வந்தது. டாக்டர் அல்லவா, மாற்று மருந்து கையில் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டாள். என் விடைத்தாளின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“மூணு வருஷம் இருக்கு. அதுக்குள்ள அந்த ஆறு கேள்விய முடிச்சிடுவீங்கல்ல?”

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. இதுவரை தெரியவில்லை.

குருக்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்படியானால் சார் இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். உடைத்த வேகத்தையும் அப்போது அவர் முகம் இருந்த இருப்பையும் பார்த்தால், அத்தனை நிறுத்தலும் என் மேல் வைத்த இரக்கம் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். ஆதாரம் போதவில்லை.

டிசம்பரில் சுவாவுக்குப் போய் அந்தத் தேர்வை எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனுப் போட்டாயிற்று, வீணாக்கக்கூடாது. மேற்பார்வையாளர் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னார், மிகவும் வேகமாக. கிடைத்த மதிப்பெண்ணை மச்சானுக்கு எழுதினேன். பதிலில் அவர் பனிப்பொழிவைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார்.

கையெழுத்துப் போட்ட கடிதத்தை, செப்டம்பரில் அந்த ஞாயிறுக்கு மறுநாளே, தபாலில் சேர்க்கப் போனோம். தபால் அலுவலக வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி வெயிலில் நின்றது. எல்லார் கையிலும் பழுப்பு உறை, எல்லா உறையிலும் வெளிநாட்டு முகவரி. எங்களுக்கு முன்னால் நின்ற கரும்பு விவசாயி ஒருவர், எழுபது வயதிருக்கும், டாக்டரம்மாவை அடையாளம் கண்டு தொப்பியைத் தூக்கி, மிச்சமிருந்த தாத்தா காலத்துத் தமிழில் விசாரித்தார்.

“ஒங்க காயிதம் எந்தப் பக்கம் போவுது அம்மா? கனடாவா, ஆஸ்திரேலியாவா?”

“சுவாவுக்கு,” என்றாள் மனைவி.

“சுவாதானா?”

அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னை அதிக நேரம் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, முன்னால் நின்றவர்களிடம் ஃபிஜி ஹிந்தியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அது வரிசை நெடுகப் போனது. ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“முந்திப் போங்க அம்மா,” என்றார். “ஒங்களுக்கும் ஒரு நாளு வரும்.”

சாவு வீட்டுக்காரர்களுக்கு விலகுவதுபோல் வரிசை முழுவதும் விலகி எங்களுக்கு வழிவிட்டது. மனைவி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனேன்.