அம்மா முன்வாசலில், நான் பின்வாசலில்

எங்கள் ஊர் கோவிந்தாபுரம். தோட்டத்தில் வேலை இல்லாத ஒரு மழை நாளில், அம்மாவுக்குப் பாலக்காடு டவுனைச் சுற்றிக்காட்டக் கூட்டிப் போனேன். அம்மாவுக்குப் பார்வை மங்கல். போனும் கிடையாது.

அங்கிருக்கும் கோட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் கல்பாத்திக்குப் பஸ் ஏறினோம். பெண்களுக்கு முன்வாசல், ஆண்களுக்குப் பின்வாசல். "நான் சொல்றப்ப எறங்குனாப் போதும்" என்று அம்மாவை ஏற்றிவிட்டுப் பின்னால் ஏறினேன். நல்ல கூட்டம். மழைக்கு ஜன்னல் படுதாக்களை இறக்கிவிட்டிருந்தார்கள்.

கல்பாத்தி வந்ததும், "அம்மா, எறங்கு!" என்று கத்திவிட்டு இறங்கினேன். அவருக்குக் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.

ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

"பேடிக்காதீங்க சேட்டா, பயப்பட ஒண்ணுமில்ல, பிடிச்சரலாம்" என்றார் டிரைவர்.

பஸ்ஸைப் பிடித்தோம். அதில் அம்மா இல்லை.

"மகனைக் காணோம்னு பாலத்துக்கிட்டயே இறங்கிட்டாங்களே" என்றார் கண்டக்டர்.

அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வந்திருந்தோம். மழையில் கவனிக்கவில்லை. ஆற்றில் செந்தண்ணீர் கரையை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. திரும்பும்போது நான் ரோட்டைப் பார்க்கவில்லை, ஆற்றைத்தான் பார்த்தேன்.

பாலத்தை ஒட்டிய டீக்கடையில் அம்மா நனைந்து நின்றிருந்தார்.

"ஏம்மா, ஆருகிட்டயாச்சும் வழி கேட்டு வந்திருக்கலாமல்ல?" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? எங்க போறம்னு நீ சொன்னயாடா?"

நான் சொல்லியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் பஸ் ஏறும் முன்பே, இறங்கும் இடத்தின் பெயரை அம்மா வாயாலேயே சொல்ல வைக்கிறேன். நானும் முன்வாசலிலேயே ஏறுகிறேன். பெண்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.