கண்மாய்க்கரையில் ஒரு ஆபீஸ்

'லேக் வியூ பிசினஸ் சென்டர்' என்று பெரிதாகப் போர்டு மாட்டியிருந்தார்கள். வியூ இருந்தது, லேக்தான் இல்லை. அருப்புக்கோட்டை ஓரத்தில் கருவேல முள் அடைத்துக் கிடந்த கண்மாயைத் தூர்வாரி, கரையில் நடைபாதை போட்டு, லைட்டும் பெஞ்சும் வைத்திருந்தார்கள். அதை ஒட்டித்தான் ஒரு பஞ்சு வியாபாரி வரிசையாக ஆபீஸ் ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டார். கீழ்வரிசையில் ஒன்றை நான் எடுத்தேன்.

எனக்கு அந்த ரூம் கட்டாயம் வேண்டியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் டிரைவிங் ஸ்கூல் நடத்தினோம். ஆம்பளைகளுக்கு அவர், பொம்பளைகளுக்கு நான். சித்திரையில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஸ்கூல் லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது, அதற்கும் கொஞ்ச மாதம்தான் கெடு. அதை என் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் ஆபீஸ் இருக்க வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும். பழைய ஆபீஸோ ரோடு அகலப்படுத்தும்போது இடிபட்டுப் போயிற்று.

நான் அழவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்கள் 'கல்லு மாதிரில்ல இருக்கா' என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். காபி ஆறினால் ஆறினதைக் குடித்தேன். குழம்பில் உப்பில்லை என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால்தான் தெரியும். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்ததென்றால் அது அந்த ஸ்கூல் ஒன்றுதான்.

திருச்சுழியில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் வரும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"எதுக்கு மதினி இப்படி லோல்படணும்? மூடிருவோம்."

"நான் உசுரோடதான இருக்கேன்? பெறகு எதுக்கு மூடணும்?" என்று திட்டி அனுப்புவேன்.

ரூம் பார்க்கப் போன அன்று ஒன்று கவனித்தேன். நடைபாதைக்கும் ரூமுக்கும் ஒரே மட்டம். வாசல்படியே கிடையாது.

"படி வைக்கலையே அண்ணாச்சி, தண்ணி வந்தா?"

அந்தப் பஞ்சு வியாபாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தண்ணியா? இங்கனையா? ஒன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் தாயி!"

கூட நின்ற கொத்தனாரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வெயிலுக்கு யோசிப்பார்கள், காற்றுக்கு யோசிப்பார்கள், தண்ணீருக்கு யோசிக்கிற பழக்கமே கிடையாது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற மறுகால் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அந்த வழியில்தான் எங்கள் ரூம்கள் இருந்தன.

பால் காய்ச்சும்போது நான் அடுப்பைத் தொடக் கூடாது என்று கொழுந்தன் பெண்டாட்டி காய்ச்சினாள். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. சிக்னல் போர்டு, மேஜை, பாதியாக அறுத்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்த கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தேன். ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மழையும் அந்த ஐப்பசியைத்தான் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு போனால் கரை முழுக்கக் கூட்டம். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது. என் ரூமுக்குள் முழங்கால் தண்ணீர். மேஜை ஒரு மூலைக்கு நகர்ந்து போயிருந்தது. வெளியே பொம்பளைகள் மஞ்சளும் பூவும் தூவிக் குலவை போடுகிறார்கள், ஆம்பளைகள் தேங்காய் உடைக்கிறார்கள்.

அந்த அண்ணாச்சியை நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று தேடிப் போனேன். அவர் தண்ணீருக்குள் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"பாத்தியா தாயி, வந்துருச்சு பாத்தியா!"

சொல்லிக்கொண்டே என் கையில் ஒரு தேங்காய் மூடியைத் திணித்தார். தன் கட்டிடம் முங்குகிறது, மனுசன் சந்தோஷத்தில் அழுகிறார். அவரிடம் போய் என்னத்தைச் சண்டை போட?

அதிகாரி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "ஆபீஸ் எங்கம்மா?"

"அந்தா இருக்கு சார். தண்ணிக்கு மேல தெரியுது பாருங்க."

"இதப் பாத்துட்டு நான் என்னம்மா எழுத? வேற எடம் புடிச்சு மறுபடி மனு குடுங்க."

"அதுக்குள்ள அவுக பேருல இருக்குறது முடிஞ்சு போயிருமே சார்."

"என் கையில ஒண்ணுமில்லம்மா" என்றார். கெட்டவர் இல்லை. குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என் தோளை இடித்தாள். "ஏத்தா, சும்மா நிக்கிற? குலவை போடு. தண்ணிக்கு முன்னாடி தாலி என்ன, தாலி இல்லாட்டி என்ன?"

எவ்வளவு பெரிய வார்த்தை. வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. இந்த மண்ணில் பிறந்தவளுக்கு நிறைந்த கண்மாயைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், உள்ளே என்னதான் மிச்சம் இருக்கிறது? பயந்துபோனேன். அவர் செத்த அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுக் கொழுந்தன் பஸ் ஏறி வந்துவிட்டான். ரூமைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மூடிருவோமா மதினி?" என்று கேட்டுவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

"சரி."

"என்ன மதினி?"

"சரிங்கேன்ல."

கார் சாவியை அவனே வாங்கிக்கொண்டான். நான் எப்போதும் போல இடப்பக்கம் ஏறினேன். கற்றுக்கொடுக்கிறவர் உட்காருகிற பக்கம் அது. அங்கே கீழே இன்னொரு பிரேக் இருக்கும். யார் ஓட்டினாலும் என் கால் தானாக அதன்மேல் போய் நிற்கும். கொழுந்தன் சுமாராகத்தான் ஓட்டுவான். சகதியில் வழுக்கிக்கொண்டே அவன் காரைக் கரையிலிருந்து இறக்கியபோது, நான் இரண்டு கால்களையும் மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன்.