ஆறு ஓட்டிலும் ஒருத்தி

கோட்டாற்றில் நாங்கள் குடியிருந்த வீட்டில், அடுக்களையிலிருந்து முன்னறைக்குப் போகும் வாசலருகே சுவரில் ஆறு பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. இடித்த பழைய பங்களா ஒன்றிலிருந்து அம்மாவின் தம்பியான மாமா சாக்கில் சுமந்து வந்து ஒட்டியவை. வெள்ளை ஓட்டில் கறுப்பாக ஒரு வெளிநாட்டுப் பெண். கையில் கூடையோடு, தலையைத் திருப்பி, வருகிறவர்களைப் பார்த்தபடி நிற்பாள். ஆறிலும் அதே பெண். ஆறு கழுத்திலும் மயிரிழைபோல ஒரே கீறல். வரைகிறவனுக்குக் கை தவறலாம். ஆறு தடவையும் அதே இடத்திலா தவறும்?

அப்பாவின் தங்கையிடம் மட்டும்தான் கேட்டேன். மற்றவர்களிடம் பேச எனக்கு அப்போதே கூச்சம்.

“ஆறு பேரு இல்ல மக்கா. ஒருத்திதாம். ஆறு தடவ நிக்கா,” என்றாள் அத்தை.

அதன்பிறகு அந்த வாசலைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்தேன்.

அத்தையைப் பெண் பார்க்க வரும்போதெல்லாம் அவள் காப்பித் தட்டோடு அந்த ஓடுகளின் பக்கத்தில்தான் காத்து நிற்பாள். “ஏட்டி, தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போ,” என்று அம்மா மெல்லத் தள்ளிவிடுவாள். வந்தவர்கள் முறுக்கு தின்றுவிட்டு, பிறகு சொல்லியனுப்புகிறோம் என்று போவார்கள். சொல்லியனுப்பியதில்லை.

அப்படி ஒரு கூட்டம் வந்துபோன மறுநாள், ஓர் ஓட்டில் பெண்ணைக் காணோம். வெறும் வெள்ளை. அடுத்த கூட்டத்துக்குப் பிறகு இன்னொருத்தி. ஈரம் பட்டுப் போயிருக்கும் என்றார் மாமா. எனக்கோ, இறங்கியவள் வீட்டுக்குள் எங்கே இருக்கிறாள் என்று பயம். நெல் பத்தாயத்துக்குப் பின்னால்கூடத் தேடினேன்.

ஐந்து ஓடுகள் வெளுத்தன. ஆறாவது கூட்டம் வந்துபோன சாயங்காலம் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். “மிச்சம் நிக்கவளும் போயிருவாளா அத்தே?”

“போவாம? எத்தன நாளுதாம்ல கூடையத் தூக்கிக்கிட்டு நிப்பா?” சிரித்தாள்.

மறுநாள் ஆறு ஓடும் வெள்ளை. அத்தையையும் காணோம். அம்மா அலறிக்கொண்டு ஓடிக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். விடியற்காலை பஸ்ஸில் கீரிப்பாறைக்கு, ரப்பர் பால் எடுக்கிற வேலைக்குப் போய்விட்டாள் என்பது மத்தியானம்தான் தெரிந்தது. அப்பா அதன்பின் அவள் பெயரைச் சொன்னதேயில்லை.

இப்போது நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். அந்தக் காலத்துப் படம் எப்படி வந்ததென்று தெரியும். ஒரே செப்புத் தகட்டிலிருந்து காகிதத்தில் ஒற்றி எடுத்து, ஏற்கெனவே சூளையில் சுட்டெடுத்த ஓட்டின் வெள்ளைப் பளபளப்புப் பூச்சின்மேல் பதிப்பார்கள். தகட்டில் கீறல் விழுந்தால் எல்லாப் படத்திலும் விழும். மேலோட்டமாகப் பதிந்தது என்பதால், விடாமல் தேய்த்தால் போய்விடும்.

அத்தை போன அன்று, வெளுத்திருந்த ஆறாவது ஓட்டைத் தொட்டு முகர்ந்தேன். விளக்குத் துலக்கும் புளியும் செங்கல்பொடியும் மணத்தன. அத்தையின் விரல்நுனிகள் தோலுரிந்திருந்ததைத் தினமும் பார்த்தவன்தான் நான். ஆனாலும், சுவரிலிருந்து இறங்கிப் போகிற பெண்கள் புளிமணம் விட்டுப் போவார்கள் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன்.